பிறர் பாடுகளுக்குப் பொருள் சொல்வது யார்?

துன்பம் விசுவாசியைப் புடமிடும் என்பது கிறிஸ்தவப் பிரசங்க மேடைகளில் அடிக்கடி ஒலிக்கும் போதனை. அதற்கு வேத ஆதாரம் உண்டு. ரோமருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் உபத்திரவத்தில் தொடங்கி நம்பிக்கையில் போய் முடியும் ஒரு பாதையைக் காட்டுகிறார். உடல் தளரத் தளர உள்ளம் புதிதாகிறது என்ற பொருளில் கொரிந்தியருக்கும் எழுதுகிறார். அதை வாழ்ந்து காட்டியவர்களும் இருக்கிறார்கள். ஆகையால் பாடுகளின் நடுவே ஆவிக்குரிய புத்துயிர் பிறக்குமா என்று இங்கே ஐயப்பட வேண்டியதில்லை. பிறந்திருக்கிறது. ஆனால் சிலருக்கு நேர்ந்ததை எல்லாருக்குமான விதியாக்கி, நோய்ப்படுக்கையில் கிடப்பவரிடமும் பிள்ளையைப் பறிகொடுத்தவரிடமும் அடிபட்டு வந்து நிற்கும் மனைவியிடமும் வெளியிலிருந்து ஒருவர் எடுத்துச் சொல்வது அறமா? அறமாகாது என்றே சொல்ல வேண்டும். அந்தப் புத்துயிருக்குச் சாட்சி சொல்லும் உரிமை அதை அடைந்தவருக்கே உரியது. மற்றவர்களுக்கு இருப்பது அவருடைய சுமையைக் குறைக்கும் கடமை.

டோனாவூர் ஏமி கார்மைக்கேலின் வாழ்க்கை இதை எண்ணிப் பார்க்க உதவும். 1867-இல் அயர்லாந்தில் பிறந்து திருநெல்வேலிச் சீமைக்கு வந்தவர் அவர். கோயில்களுக்கு விடப்படவிருந்த சிறுமிகளையும், பின்னாளில் ஆதரவற்ற சிறுவர்களையும் டோனாவூரில் சேர்த்து வளர்த்தார். 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு குழியில் தவறி விழுந்து கால் முறிந்தது. அதன் பிறகு அவர் முழுமையாக எழுந்து நடமாடவே இல்லை. 1951 ஜனவரியில் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே வலியோடு கழிந்தன. அந்த அறையிலிருந்துதான் அவருடைய நூல்கள் பல வெளிவந்தன. 1933-இல் வந்த ‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’ அவற்றுள் ஒன்று. நோயாளிகளுக்கு ஒரு நோயாளி எழுதிய கடிதங்களின் தொகுப்பு அது. நோயுற்றவர்களைத் தேற்றுவதற்கென்று அவருக்கு வந்த எழுத்துகள் பலவும் நல்ல உடல்நலத்தோடு இருந்தவர்கள் எழுதியவை என்பதையும், அவை தம்மைத் தொடவில்லை என்பதையும் அவர் உணர்ந்தார். அவற்றை எழுதியவர்களின் விசுவாசமும் அவருடைய விசுவாசமும் வேறு வேறு அல்ல என்பது இங்கே முக்கியம். போதனையை அவர் மறுக்கவில்லை. அது எந்த இடத்திலிருந்து வருகிறது என்பதை மட்டுமே பார்த்தார். அதே நம்பிக்கை படுக்கையிலிருந்து எழுதப்பட்டபோது மற்றப் படுக்கைகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவர் தனியாகக் கிடக்கவில்லை. அவர் வளர்த்த பெண்கள் அவரைப் பராமரித்தார்கள், ஜெபித்தார்கள், எழுதுவதற்குத் துணை நின்றார்கள். அதே அளவு வலியோடு, மருந்துக்கு வழியின்றி, கேட்பாரற்றுக் கிடக்கும் ஒருவரும் அப்படியே புதுப்பிக்கப்படுவார் என்று யாரால் உறுதி கூற முடியும்? வலிக்கே மனிதரைப் புதுப்பிக்கும் ஆற்றல் இருந்தால், துன்புறுத்துகிறவரை உபகாரி என்றல்லவா அழைக்க வேண்டியிருக்கும்! ஒரே விதமான இழப்பில் ஒருவர் கனிந்துபோகிறார், மற்றொருவர் கசந்துபோகிறார். கனிந்தவரைத் தாங்கியது கிருபை என்று விசுவாசம் சொல்லும். அந்தக் கிருபை பெரும்பாலும் மனிதர்களின் கைகள் வழியாகவே வந்து சேர்ந்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் உண்மை முழுமையாகும்.

அப்போஸ்தலர்களே இதைப் பொதுப் போதனையாகச் சொல்லியிருக்கும்போது இன்றைய போதகர் ஏன் சொல்லக் கூடாது என்ற மறுப்பு எழும். நியாயமான மறுப்புதான். ஆனால் பவுல் சாட்டையடியும் சிறையும் கப்பற்சேதமும் கண்டவர். உபத்திரவத்தைத் தாமும் அறிந்திருந்த சபைகளுக்கே எழுதினார். தம் சரீரத்திலிருந்த முள்ளை நீக்கும்படி அவர் மூன்று முறை மன்றாடினார். கிருபை போதும் என்ற பதில் ஆண்டவரிடமிருந்து அவருக்கே வந்தது. கொரிந்துச் சபை மூப்பர் ஒருவர் வந்து அவருக்கு அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதற்கு யோபுவின் கதை இருக்கிறது. அவருடைய நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் வாய் திறவாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் ஆகச் சிறந்தது அதுவே. பிறகு பேசத் தொடங்கினார்கள். கடவுளால் கண்டிக்கப்படுகிறவன் பாக்கியவான் என்ற கருத்தை யோபுவின் முகத்துக்கு நேரே சொன்னவர் எலிப்பாஸ். தனியே எடுத்துப் பார்த்தால் அது தவறான போதனை இல்லை, வேதத்தின் பிற பகுதிகளிலும் உண்டு. ஆனாலும் கதையின் முடிவில் கடவுள் பெயர் சொல்லிக் கோபித்துக்கொள்வது இந்த எலிப்பாஸையே. குமுறித் தீர்த்த யோபுவே சரியாகப் பேசினான் என்கிறார். சரியான போதனையையும் தவறான இடத்தில் பேச முடியும் என்பதற்கு இதைவிட வலுவான ஆதாரம் கிறிஸ்தவருக்குத் தேவையில்லை.

எழுத்தாளர் சி. எஸ். லூயிஸின் அனுபவம் இதை வேறொரு கோணத்தில் காட்டுகிறது. 1940-இல் வெளிவந்த ‘தி பிராப்ளம் ஆஃப் பெயின்’ நூலில், துன்பம் மனிதரைக் கடவுளிடம் திருப்பும் வழிகளில் ஒன்று என்று அவர் தெளிவாக வாதிட்டார். துன்பம் அறியாதவர் அல்லர் அவர். சிறுவயதிலேயே தாயை இழந்தவர், முதல் உலகப் போரில் காயம்பட்டவர். பொறுமையைக் கற்பிக்கும் தகுதி தமக்கில்லை என்று அந்நூலின் முன்னுரையிலேயே ஒப்புக்கொண்ட நேர்மையும் அவரிடம் இருந்தது. 1960-இல் மனைவி ஜாய் புற்றுநோயால் இறந்தபோது, அந்த வாதங்கள் எதுவும் அவருக்கு ஆறுதல் தரவில்லை. அடுத்த ஆண்டு அவர் புனைபெயரில் வெளியிட்ட ‘எ கிரீஃப் அப்சர்வ்ட்’ கேள்வியும் கோபமும் நிறைந்த குறிப்பேடு. விசுவாசத்தை அவர் கைவிடவில்லை. ஆனால் அதற்குத் திரும்பிவரும் வழியைத் தாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் தாமே எழுதியதுகூடத் துக்கத்தில் இருக்கும் தமக்கு உதவவில்லை என்றால், அடுத்தவருடைய துக்கத்துக்கு விளக்கம் சொல்லப் புறப்படுகிறவர் எவ்வளவு தயங்க வேண்டும்!

தயக்கம் என்றால் கைவிடுதல் ஆகாதா, நம்பிக்கையின் வார்த்தையே இல்லாமல் ஒருவரை இருட்டில் விடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நம்பிக்கையை அவரோடு அமர்ந்து பகிரலாம், அவர் கேட்கும்போது சொல்லலாம், அதே வழியில் நடந்தவரை அழைத்து வரலாம். விலக்க வேண்டியது பொருள் கற்பிக்கும் அவசரத்தை மட்டும்தான். அந்த அவசரம் தீங்கற்றதாக எப்போதும் நின்றுவிடுவதில்லை. கணவனிடம் அடிபட்ட பெண்ணிடம் சிலுவையைச் சுமக்கச் சொல்லி வீட்டுக்குத் திருப்பி அனுப்பும்போது, அந்தப் போதனை அடிக்கிற கைக்குத் துணைபோகிறது. தனி இருக்கையும் தனிக் கல்லறையும் ஒதுக்கப்பட்ட தலித் கிறிஸ்தவர்களிடம் பொறுமையைப் பிரசங்கித்தபோதும் நடந்தது இதுவே. இயேசு சிலுவையைத் தாமே மனமுவந்து ஏற்றார். அதற்கு முந்தின இரவு கெத்செமனேயில் பாத்திரம் நீங்கும்படி ஜெபிக்கவும் செய்தார். தம்மிடம் வந்த நோயாளிகளிடம் நோயின் பயனை விளக்காமல் குணமாக்கி அனுப்பினார். ஒருவர் தோளில் சிலுவையைப் பலவந்தமாக ஏற்றியவர்கள் என்று சுவிசேஷங்களில் பார்த்தால், சிரேனே ஊர் சீமோனைப் பிடித்த ரோமப் போர்ச்சேவகர்கள்தான் தெரிகிறார்கள்.

கடைசியாக, புதுப்பிக்கப்படாதவர்கள் இருக்கிறார்கள். சாட்சி சொல்லும் நேரங்களில் இவர்களுடைய குரல் கேட்பதில்லை, ஏனெனில் வென்றவர்களைத்தான் மேடைக்கு அழைக்கிறோம். துன்பம் புதுப்பித்தே தீரும் என்று போதித்த சபையில், அப்படி ஆகாதவர் தம் விசுவாசத்தில்தான் குறை என்று எண்ணிக் குற்றவுணர்வையும் சேர்த்துச் சுமக்கிறார். வேதம் இவர்களுக்கு இடம் வைத்திருக்கிறது. சங்கீதப் புத்தகத்தில் 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. பிற புலம்பல் சங்கீதங்களில் வழக்கமாக வரும் நன்றியும் துதியும் அதன் முடிவில் இல்லை. ஆறுதலாக நான்கு வரி சேர்த்துவிடலாம் என்று எவரும் அதைத் திருத்தவில்லை, இஸ்ரவேலின் ஆராதனையில் அப்படியே வைத்துக்கொண்டார்கள். நம்முடைய ஆராதனைகளிலும் அதை உரக்க வாசிக்கலாம், வாசித்த பிறகு விளக்கம் எதுவும் சேர்க்காமலே.