சீட்டும் சொல்லும்

பல்கலைக் கழகங்களில் வணிகம் படிக்கும் மாணவர்களுக்கு 'வணிகத் தொடர்பு' என்று ஒரு பாடம் உண்டு. விலை விசாரித்து எழுதுவது, சரக்குக் கேட்டு எழுதுவது, வந்த சரக்கில் குறை இருந்தால் மனம் நோகாமல் எடுத்துச் சொல்வது எல்லாம் அதில் அடங்கும். நல்ல பாடந்தான். கடலோரக் குப்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறும் பிள்ளைக்கு அது சோறு போடும் வித்தை. ஆனாலும் பழவேற்காட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழுகிறது: நன்றாகப் பேசத் தெரிந்தவனுக்கு அதிகம் கிடைப்பது நியாயமா?

பழவேற்காடு வணிகம் அறியாத ஊர் அன்று. 1613-இல் அங்கே ஜெல்டிரியாக் கோட்டை எழுந்தது. டச்சுக்காரர்கள் சோழமண்டலத் துணியைக் கீழ்த்திசைத் தீவுகளுக்கு அனுப்பினார்கள். வாக்கும் கடிதமும் கொண்டு நடந்த வியாபாரம் அது. கோட்டை இடிந்து புதர் மண்டிவிட்டது. மீனவக் குப்பங்களிலோ வேறோர் ஏற்பாடு நிலைத்து நின்றது. அதற்குப் 'பாடு' என்று பெயர். ஏரியில் மீன் மிகுந்த இடமும் உண்டு, குறைந்த இடமும் உண்டு. யார் எங்கே, என்றைக்கு வலையிடுவது என்பதைச் சீட்டுப் போட்டும் முறை வைத்தும் தீர்த்துக்கொண்டார்கள்.

சீட்டுக்குக் காது இல்லை. திக்கிப் பேசுகிறவனையும் தேனாய்ப் பேசுகிறவனையும் அது ஒன்றாகவே பார்க்கும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்கிற உலகத்தில், வாயில்லாதவனும் பிழைக்கட்டும் என்று செய்த ஏற்பாடாகவே அதை நான் கருதுகிறேன்.

அப்படியானால் பேச்சுக் கலை வேண்டாமா? வேண்டும். சீட்டு, பட்டியலில் பெயர் உள்ளவனுக்கு மட்டுமே நியாயம் செய்யும். பாட்டில் சேராத மக்களும் அதே கரையில் வாழ்கிறார்கள்; தண்ணீரில் இறங்கிக் கையால் இறால் பிடித்துப் பிழைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் குறையை ஊர்க் கூட்டத்தில் எடுத்துச் சொல்லச் சீட்டால் ஆகாது. ஒரு மனிதன் வாய் திறக்க வேண்டும்.

திருவள்ளுவர் 'சொல்வன்மை'யைப் பொருட்பாலில் வைத்தார். 'இனியவை கூற'லையும் 'வாய்மை'யையும் அதற்கு முன்பே அறத்துப்பாலில் வைத்துவிட்டார். நூலை வரிசையாகப் படிக்கிறவன் வாய்மையைக் கடந்துதான் வன்மைக்கு வர முடியும்.

படித்துத் திரும்பும் பிள்ளை தன் முறைக்காக வாதாட வேண்டியதில்லை. அதைச் சீட்டு பார்த்துக்கொள்ளும். பட்டியலில் இல்லாத ஒருவனுக்காக அவன் பேசலாம். பெயர் ஒன்று கூடினால் தன் முறை தள்ளிப்போகும், தன் வருமானம் குறையும். அது தெரிந்தும் அவன் எழுந்து பேசினால், அன்றுதான் அவன் அந்தப் பாடத்தில் தேறியவன் என்பேன்.