மணலில் இறங்கும் ஜீப்

புதுக்கோட்டை மாவட்டத்தில் பாலைவனம் கிடையாது. சக்கரம் புதையும் இடமென்றால் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கத்துப் பாக் விரிகுடாக் கரைதான். அங்கும் மணலோடு சேறு கலந்திருக்கும். செம்மணல் மேடு வேண்டுமானால் தூத்துக்குடி மாவட்டத் தேரிக்காட்டுக்குப் போகவேண்டும். நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்பே ஆனாலும், தார்ச்சாலைக்கு அடித்த காற்றோடு மணலில் இறங்கினால் புதையும். 30 பவுண்டுக்கு மேல் இருக்கும் டயர் காற்றழுத்தத்தை 18 அளவுக்கு இறக்கினால் டயர் நீளவாக்கில் தட்டையாகும். எடை பரவும், மணல் தாங்கும். அப்போது வண்டியைச் சட்டென ஒடிக்கக் கூடாது, டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடக்கூடும். மாட்டிக்கொண்டபின் ஆக்சிலரேட்டரை மிதிப்பது வெறும் குழிதோண்டும் வேலை. சக்கரத்தைச் சுற்றியுள்ள மணலை அள்ளிவிட்டு, வந்த தடத்திலேயே பின்வாங்குவது நல்லது. தார்ச்சாலை ஏறியதும் காற்றை மறுபடி நிரப்பவேண்டும். காற்று இறங்கிய டயர் வேகத்தில் சூடேறி வெடிக்கக்கூடும்.