யார் பார்க்க வளர்ந்தது?

டயோப்டேஸ் ஒரு செம்புக் கனிமம். நமீபியாவின் த்சூமெப் சுரங்கத்தில் எடுத்த துண்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. வெள்ளைக் கால்சைட்டின் மேல் நெல்மணி அளவில் பச்சைப் படிகங்கள். வெயிலில் திருப்பினால் விளிம்புகள் பளிச்சிடும். நடுவே பச்சை கறுத்து ஆழ்ந்து கிடக்கும். அக்கா மகன் எங்கள் ஊரான சிக்கலுக்கு வந்திருந்தபோது அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "மாமா, பாறைக்குள்ள, அந்த இருட்டுல, யாரு பாக்குறதுக்கு இது இப்பிடி வளந்துச்சு?"

வேதியியலில் பதில் இருக்கிறது. செம்புத் தாது காற்றும் மழைநீரும் பட்டுக் கரைகிறது. சிலிக்கா கலந்த நீரோடு சேர்ந்து பாறைப் பொந்துகளில் டயோப்டேஸாகப் படிகிறது. கார்பனேட்டோடு சேர்ந்தால் மலாக்கைட். ஆனால் அவன் கேட்டது இதை அல்ல.

எனக்கு விடை கிடைத்த இடம் பக்கத்தில் உள்ள உத்தரகோசமங்கைக் கோயில். அங்கே மரகத நடராசர் ஆண்டு முழுதும் சந்தனக் காப்புக்குள் இருக்கிறார். மார்கழி ஆருத்ரா தரிசனத்தை ஒட்டித்தான் காப்புக் களைவார்கள். மேளச் சத்தத்துக்கே மரகதம் அதிரும், அதனால்தான் சந்தனம் என்பார்கள் பெரியவர்கள். டயோப்டேஸுக்கு அது நன்றாகவே பொருந்தும். கடின அளவுகோலில் மரகதம் 7.5க்குக் குறையாது, இதற்கு 5தான். அதிர்வலைக் கருவியில் கழுவினால் நொறுங்கிவிடும். கசகஸ்தானில் கிடைத்த டயோப்டேஸை ஒரு காலத்தில் மரகதம் என்றே நம்பினார்கள். 1797இல்தான் தனிக் கனிமமாகப் பெயர் பெற்றது.

சந்தனத்துக்குள் இருக்கும் நாளெல்லாம் நடராசர் ஆடாமல் நிற்கிறாரா? சைவம் அப்படிச் சொல்லாது. கூத்து ஓயாதது, பார்க்க ஆள் வந்தால்தான் ஆடுவது என்பதில்லை. படிகத்தின் அழகும் அப்படியே என்று முழுமனதோடு நம்புகிறேன். கண்ணே இல்லாத இருட்டிலும் அது நிறைவாகவே இருந்தது. நாம் பார்க்கக் கிடைத்தது நமக்கு வாய்த்த அருள்.

அப்படியென்றால் கல் சேர்ப்பது பற்றுதானே என்று கேட்கலாம். பூட்டிவைத்து 'என்னுடையது' என்று பெருமைப்பட்டால் பற்றுதான். ஆனால் த்சூமெப் சுரங்கத்தை 1996இல் மூடிவிட்டார்கள். யாரும் எடுத்து வைக்காத படிகங்கள் தாதுவோடு உலைக்குப் போய் உருகின. தப்பியதை வைத்திருப்பவன் காவல்காரன், அவ்வளவே. எந்தச் சுரங்கம், எந்த ஊர் என்று சீட்டெழுதி வைப்பது அவன் கடமை. சீட்டில்லாத கல் நாதியற்ற கல்.

கல் சேர்க்கும் நண்பர்களே, சீட்டை இன்றே எழுதுங்கள். உங்களுக்குப் பின் அந்தக் கல் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.