நகருக்குள் ஓர் அடைக்கலம்

"சாமி, சென்னையிலே நடுவூரில் குடியிருக்கலாமா? பயமில்லையா?" சென்ற ஆண்டு ஞாயிறு திருப்பலி முடிந்த வேளையில் நம் பங்கைச் சேர்ந்த கைம்பெண் ஒருவர் நம்மிடம் இப்படி வினவினார். அவருடைய ஒரே மகளுக்குச் சென்ட்ரல் நிலையத்தை அடுத்த மருத்துவமனை ஒன்றில் செவிலியர் பணி கிடைத்திருந்தது. தாயும் மகளுமாய் ஊரைவிட்டுப் பெயர வேண்டும். இரண்டு வீடுகள் பார்த்து வைத்திருந்தார்கள். ஒன்று ஜார்ஜ் டவுனில், ஏழுகிணறுப் பகுதியில், பழைய வீடொன்றின் மாடியில் இரண்டு அறைகள். அங்கிருந்து பணிக்கு நடந்தே சென்று வரலாம். மற்றொன்று தாம்பரத்துக்கும் அப்பால் புதிதாக எழும்பிய அடுக்ககத்தில். வாயிலில் காவலர் உண்டு, சுற்றுச்சுவர் உண்டு, காற்றும் உண்டு. மகள் முன்னதை விரும்பினாள். தாய்மாமன் பின்னதை வற்புறுத்தினார். "நடுவூரில் நம்ம ஆட்கள் யாருமில்லை. வயசுப்பெண்ணை வைத்துக்கொண்டு அங்கே எப்படி?" என்பது அவருடைய வாதம்.

நாம் உடனே விடை கூறவில்லை. அதற்குக் காரணம் உண்டு. இதே வினாவுக்கு ஏற்கெனவே ஒருமுறை தயக்கமின்றி விடை கூறியவர்கள் நாம்.

2009-ஆம் ஆண்டில், அப்போது நாம் பணியாற்றிய பங்கிலிருந்து ஒரு குடும்பம் சென்னைக்குக் குடிபெயர்ந்தது. கணவன், மனைவி, பள்ளிப் பிள்ளைகள் இருவர், வயது முதிர்ந்த தாயார். அவர்களிடம் நாம், "நடுநகர் வேண்டாம், திருட்டும் குடியும் சண்டையுமாக இருக்கும். புறநகரில் அமைதியான இடமாகப் பாருங்கள்" என்றோம். நம் சொல்லை ஏற்று முடிச்சூர்ப் பக்கம் வீடு வாங்கினார்கள். ஆறு ஆண்டுகள் அமைதியாகவே வாழ்ந்தார்கள். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்ட நாள்கள் அவை. முடிச்சூரும் வரதராசபுரமும் நீருக்குள் நின்றன. அக்குடும்பம் ஓர் இரவு முழுவதும் மொட்டைமாடியில், மழையில், படகை எதிர்நோக்கிக் காத்திருந்தது. அனைவரும் பிழைத்தனர். ஆனால் அன்றிரவு குளிரில் நடுங்கிய அந்த மூதாட்டியார் பிறகு படுக்கையைவிட்டு எழவில்லை. இரு வாரத்தில் இறந்துபோனார். மகன் நம்மை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அடக்கத் திருப்பலிக்கு நம்மையே அழைத்தார்.

அன்று நாம் திருடனைப் பற்றிக் கேட்டோம். தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை. 'காவலான இடம்' என்னும் சொல்லைக் கையாளும் எவரும் 'எதிலிருந்து காவல்?' என்று முதலில் கேட்டாக வேண்டும் என்பது அதன்பின்பே நமக்கு விளங்கியது.

சென்னையின் வரலாறே இதற்குச் சான்று. இன்று அச்சத்தோடு பேசப்படும் இந்த நடுவூர் ஒரு காலத்தில் மக்கள் ஓடி ஒளிந்த புகலிடம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஐதர் அலியின் குதிரைப்படை வருகிறது என்று கேட்டபோது மதிலுக்கு உள்ளே இருப்பதே உயிருக்குக் காவல் எனப்பட்டது. அம்மதிலும் அதற்கென விதிக்க எண்ணிய வரியும் இன்று 'வால்டாக்ஸ் சாலை' என்ற பெயரில் நினைவாக நிற்கின்றன. ஆனால் 1914 செப்டம்பர் 22 இரவில் ஜெர்மானியக் கப்பல் எம்டன் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தபோது, கடற்கரையை ஒட்டிய அதே நடுவூரிலிருந்து மக்கள் மூட்டை முடிச்சுகளோடு உள்நாட்டுக்கு ஓடினர். 1942-இல் ஜப்பானியர் வருவர் என்ற அச்சத்தில் மீண்டும் ஓடினர். ஓரிடமே ஓர் அச்சத்துக்குக் கோட்டையாகவும் வேறோர் அச்சத்துக்குப் பொறியாகவும் இருந்திருக்கிறது.

நாம் அஞ்சுவது ஒன்று, நம்மைக் கொல்வது வேறொன்று என்பதும் பெரும்பாலும் உண்மையே. 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் பதிவான கொலை வழக்குகள் 28,522. அதே ஆண்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். கொலைகாரனுக்கு அஞ்சி நகரைவிட்டு முப்பது கிலோமீட்டர் தள்ளிக் குடியேறுபவர் நாள்தோறும் இருமுறை நெடுஞ்சாலையில் செல்கிறார். அந்த முப்பது கிலோமீட்டரை அவர் ஆபத்துக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. பெண்களுக்கு இழைக்கப்படும் கொடுமையிலும் இதே மறதி. பதிவாகும் வன்புணர்வு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல், குற்றம் சாட்டப்பட்டவர் அப்பெண்ணுக்கு முன்பே அறிமுகமானவர் என்று அரசின் குற்றப் பதிவேடுகளே ஆண்டுதோறும் கூறுகின்றன. "நம்ம ஆட்கள் இருக்கும் இடம்" என்று மாமன் சொன்னபோது நம் நெஞ்சில் இதுதான் ஓடியது. அவரிடம் அதைச் சொல்லவில்லை. அவர் நல்ல மனிதர்.

இவ்விடத்தில் சிலப்பதிகாரம் நினைவுக்கு வருகிறது. புகாரிலிருந்து புறப்பட்டு மதுரைக்குப் பிழைக்க வந்த இளந்தம்பதியரின் கதையன்றோ அது? எங்கே தங்குவது என்ற வினா அங்கும் எழுகிறது. நகருக்குப் புறத்தே துறவியர் வாழும் சோலையில் வந்திறங்குகிறார்கள். அங்கேயே தங்கிவிட முடியாது; கதிரவன் மறைவதற்குள் வேறிடம் பார்க்க வேண்டும் என்று கவுந்தியடிகளும் மாடலனும் கூறுகின்றனர். அவ்வழியே வந்த ஆயர்குல முதுமகள் மாதரியைக் கண்டதும் கவுந்தியடிகள் கண்ணகியை அவளிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். மாதரி அவளை அழைத்துக்கொண்டு அகழியையும் காவற்காட்டையும் பகைவரைக் கொல்லும் பொறிகளையும் கடந்து கோட்டை வாயிலுக்குள் நுழைகிறாள்.

நாம் வியப்பது, கவுந்தியடிகள் இடத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதே. ஆளைத் தேர்ந்தெடுத்தார். அந்தத் தேர்வு பிழையாகவும் இல்லை. மாதரி சொன்ன சொல்லைக் காத்தாள். கோவலன் மாண்டது கள்வனாலும் அன்று, இருண்ட தெருவாலும் அன்று. பட்டப்பகலில், தானே நம்பிய ஒரு பொற்கொல்லனால், அரசனின் காவலர் கையால். கோட்டைப் பொறிகள் அத்தனையும் வெளியே நோக்கி நின்றன; தீங்கோ உள்ளிருந்து வந்தது. அச்செய்தி கேட்டு மாதரி தீயில் வீழ்ந்தாள். கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்தார். பிறர் உயிரை ஓரிடத்தில் வைத்தவர் அதற்குத் தாமும் பிணை என்று அவர்கள் கருதினார்கள். அவர்கள் தேர்ந்த முடிவை நாம் ஏற்பதற்கில்லை. எனினும், மேசைக்கு இப்பால் அமர்ந்து "அங்கே போங்கள், பயமில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்தவரை அழைக்கும் நம்மைப் போன்றோர் அப்பக்கங்களை ஒருமுறை படித்தல் நலம்.

குருமடத்தில் நாம் பயின்ற அறநெறியியலில் புனித தோமா அக்குவினா முன்மதியைப் பற்றிக் கூறும் ஒன்று அப்போது புரியவில்லை, பின்னர் புரிந்தது. முன்மதி தனித்தனி நிகழ்ச்சிகளைப் பற்றியது. அவை இப்படியும் நடக்கலாம், அப்படியும் நடக்கலாம். ஆகவே கணக்கில் கிடைக்கும் உறுதி அங்கே கிடைக்காது. எவ்வளவு ஆராய்ந்து முடிவெடுத்தாலும் சிறிதளவு கவலை மீந்தே நிற்கும் என்கிறார். 'பாதுகாப்பான' என்பதற்கு இலத்தீனில் வழங்கும் சொல்லோ 'கவலையற்ற' என்னும் பொருளில் பிறந்தது. நம்மிடம் வருவோர் கேட்பது இந்தக் கவலையின்மையைத்தான். நாம் தரக்கூடியது முன்மதி மட்டுமே.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சிலருக்கு அது கசக்கலாம். 'பாதுகாப்பில்லை' என்னும் சொல் பல வேளைகளில் வேறொரு சொல்லுக்குப் போட்ட முக்காடு. ஜார்ஜ் டவுனில் தெலுங்கர் உண்டு, மார்வாரியர் உண்டு, மண்ணடியில் இசுலாமியர் உண்டு, மூட்டை தூக்குவோரும் மீன்பாடி வண்டி இழுப்போரும் உண்டு. ஆர்மீனிய வணிகர் வாழ்ந்த தெரு நம்மவர் வாயில் 'அரண்மனைக்காரன் தெரு' ஆயிற்று. அத்தெருவில்தான் புனித மரியன்னை இணைப் பேராலயம் நிற்கிறது. செவ்வாய்தோறும் அங்குள்ள அந்தோணியாரைத் தேடி எல்லாச் சமயத்தாரும் வருகின்றனர். அத்தகைய ஊரைக் குறித்து 'நம்ம ஆட்கள் இல்லை' என்பது அச்சமா, அருவருப்பா என்று அவரவரே தம் மனச்சான்றைக் கேட்டுக்கொள்ளட்டும்.

கேட்கும் வாய்ப்பே இல்லாதவர்களும் இருக்கின்றனர். 2000-ஆம் ஆண்டு முதல் சென்னையின் நடுவிலிருந்த குடிசைவாழ் மக்கள் ஆயிரக்கணக்கில் நகரின் தென்கோடிக்குக் கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்டனர். பணியிடமும் பள்ளியும் தொலைவாயின. அந்த முகவரியைச் சொன்னாலே வேலை தரத் தயங்குவோர் உண்டு. அக்குடியிருப்புக்கு இட்ட பெயர் கண்ணகி நகர். பெயர் வைத்தவர் காப்பியத்தை நினைத்து வைத்தாரோ, நினையாமல் வைத்தாரோ!

நடுவூருக்கு வக்காலத்து வாங்குவதற்காக அதன் குறைகளை மறைப்பதும் நேர்மையன்று. சுவரோடு சுவராக நிற்கும் பழைய கட்டடங்கள். கீழே சரக்கறை, மேலே குடித்தனம். தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி நுழைய முடியாத சந்துகள் பல. 2023 ஏப்ரலில் அரண்மனைக்காரன் தெருவிலேயே பழைய கட்டடம் ஒன்று இடிந்து விழுந்தது. தெருவுக்குத் தெரு நிலையும் வேறு. பகலில் தோள் உரசும் நெரிசலாயிருக்கும் மொத்த வணிகத் தெருக்களில் சில, கதவுகள் இறங்கியபின் ஆளரவமற்றுப் போகின்றன. அடுத்த தெருவிலோ மாடிதோறும் விளக்கெரியும். இரவு பத்து மணிக்கும் இட்டிலிக் கடையில் கூட்டமிருக்கும். நியூயார்க்கில் நெரிசலான பகுதியில் வாழ்ந்த ஜேன் ஜேக்கப்ஸ் என்னும் பெண்மணி 1961-இல் அமெரிக்க நகரங்களைப் பற்றி எழுதிய நூலில், ஒரு தெருவைக் காப்பது முதன்மையாகக் காவல்துறை அன்று, அத்தெருவையே நோக்கியிருக்கும் கடைக்காரர், குடியிருப்போர் ஆகியோரின் கண்களே என்று வாதிட்டார். அவருக்கு நெடுங்காலம் முன்பே இறைவாக்கினர் செக்கரியா, மீட்கப்பட்ட எருசலேமின் அடையாளமாக மதிலையோ வாளையோ காட்டவில்லை. கோலூன்றிய முதியோர் தெருவில் அமர்ந்திருப்பர், சிறுவர் சிறுமியர் அங்கே விளையாடுவர் என்றார். நெகேமியாவின் நாள்களிலும் இவ்வுண்மை வெளிப்பட்டது. ஐம்பத்திரண்டு நாளில் மதில் எழும்பிவிட்டது. ஆனால் நகருக்குள் ஆள் இல்லை. பத்தில் ஒருவர் எருசலேமில் குடியேற வேண்டும் என்று சீட்டுப் போட்டார்கள். தாமே முன்வந்து குடியேறியவர்களை மக்கள் வாழ்த்தினார்களாம்.

ஆகவே அந்த அம்மையாரிடம் நாம் 'பயமில்லை' என்றும் சொல்லவில்லை, 'வேண்டாம்' என்றும் சொல்லவில்லை. "அம்மா, முன்பணம் கொடுக்குமுன் மகளோடு போய் இரண்டு இரவுகள் அந்தத் தெருவில் நில்லுங்கள். ஒன்பது மணிக்கு மேல் பெண்கள் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். தீப்பிடித்தால் இறங்க வேறு வழி உண்டா என்று பாருங்கள். 2015-இலும் 2023 டிசம்பர்ப் புயலிலும் தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது என்று வீட்டுக்காரரிடம் அன்று, எதிர்க்கடைக்காரரிடம் கேளுங்கள். தாம்பரம் வீட்டுக்கும் இதையே செய்யுங்கள், மகள் பணி முடித்து வரும் நேரத்தில் மின்வண்டியில் ஏறி, இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்ப் பாருங்கள்" என்றோம். மாமனுக்கு நம்மேல் மனத்தாங்கல். சாமியார் பொறுப்பைத் தட்டிக் கழிக்கிறார் என்று அவர் கூறியதாகக் கேள்வி. ஒருவேளை அதில் உண்மையும் இருக்கலாம்.

அவர்கள் ஏழுகிணற்று வீட்டையே எடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து அம்மையார் எழுதிய கடிதத்தில் எலித் தொல்லையைப் பற்றி ஒரு பக்கம், குடிநீர்க் குழாயில் கழிவுநீர் வாடை வருவதைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. கீழ்வீட்டில் தெலுங்கு பேசும் பாட்டி ஒருவர் இருக்கிறாராம். மகளுக்குப் பிற்பகல் முறை வரும் நாள்களில், அவள் திரும்பும்வரை அந்தப் பாட்டி வாசற்படியை விட்டு எழுவதில்லையாம். தமிழ் சரியாகப் பேச வராதாம், ஆனால் தாமதமானால் திட்டுகிறாராம்.

அக்கடிதம் நம் செபப் புத்தகத்துக்குள் இருக்கிறது. இரவு ஒன்பது மணி அடிக்கும்போது நாமும் ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிறோம்.