நோயுற்றோரைப் பேணலும் சிவதொண்டே



ஆன்மா வேறு, அதற்கு வாய்த்த கருவிகள் வேறு என்பது எமது சமயத்தின் துணிபு. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்களுள் எதுவும் ஆன்மா அன்று என மெய்கண்டதேவர் சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரத்தில் காட்டியருளினார். சைவ வகுப்பிலே இதைப் படித்தோம், பரீட்சைக்கும் எழுதினோம். ஆனால் வீட்டில் வயதுபோன ஒருவருக்குக் கருவி பழுதடையும் போதுதான் இந்தப் பாடம் எதற்கு என்று விளங்குகிறது.

இவ்வாலயத்துக்குப் பல வருடங்களாகப் பூமாலை கட்டித் தந்த என் தமக்கையாரை நீங்கள் அறிவீர்கள். அவருக்கு வந்திருப்பது லூயி உடல் மறதிநோய் என்று நரம்பியல் வைத்திய நிபுணர் கூறினார். பிரடெரிக் லூயி என்னும் ஜெர்மானிய வைத்தியர் 1912இல் பார்கின்சன் நோயாளரின் மூளைக் கலங்களில் கண்டெழுதிய நுண்ணிய திரள்களுக்கு அவர் பெயரே வழங்குகிறது. அவை அல்பா சினுக்ளின் என்ற புரதத்தால் ஆனவை என்பது 1997இல் தெரியவந்தது.

மறதி என்றாலும் இது நாம் அறிந்த மறதி போன்றதன்று. காலையில் நந்தியாவட்டையும் செவ்வரத்தையும் எடுத்துப் பிழையின்றி மாலை கட்டுவார். மத்தியானம் நூலைக் கொடுத்தால் இது என்ன என்று கேட்பார். "காலமை நல்லாத்தானே இருந்தவ, இப்ப நடிக்கிறா" என்று சொன்னவர்களும் உண்டு. நடிப்பன்று, நாளுக்கு நாள், மணிக்கு மணி அறிவு ஏறி இறங்குவதே இந்நோயின் இயல்பு. கந்தோரில் இலிகிதராக இருந்த பழக்கத்தால் நான் ஒரு கொப்பியில் நேரத்தையும் நடந்ததையும் குறித்து வந்தேன். வைத்தியருக்கு அது பெரிதும் உதவிற்று.

இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிவது மற்றோர் அறிகுறி. கிணற்றடியில் சின்னப் பிள்ளைகள் நிற்கிறார்கள், சாப்பாடு கொடு என்பார். நித்திரையில் கனவுக்கேற்பக் கையை வீசுவார், சத்தமிடுவார். நித்திரையில் கனவு காணும் வேளையில் உடம்பு அசையாதபடி மூளை கட்டிவைக்கும். அந்தக் கட்டு இந்நோயில் தளர்ந்துவிடுகிறது. பலருக்கு மறதி தொடங்கப் பல வருடங்கள் முன்னரே இப்படி நேர்வதுண்டு. சாக்கிரம், சொப்பனம் என நாம் படித்த அவத்தைகளின் வேலி அறுந்து, ஒன்று மற்றதற்குள் புகுந்தது போல எனக்குத் தோன்றும்.

இதைக் கண்டு பேய் என்றும் செய்வினை என்றும் சொல்லிக் கழிப்புக் கழிக்கவும் நூல் கட்டவும் ஓடுகிறோம். திருநீறு பூசுங்கள், வேண்டாம் என்று ஒரு தர்மகர்த்தா சொல்வானா? ஆனால் கத்தி உருவேற்றி, புகை போட்டு, நோயாளியை இருத்தி மிரட்டுவது சைவமன்று.

திருவதிகையிலே திலகவதியார் செய்ததை எண்ணிப் பாருங்கள். சமணம் சார்ந்து தருமசேனராகியிருந்த தம்பி சூலை நோயோடு இரவில் வந்து அடியில் வீழ்ந்தார். அம்மையார் பழைய கதை பேசவில்லை. திருநீறு கொடுத்தார். விடியுமுன் திருவலகும் மெழுக்குத் தோண்டியும் எடுத்துத் தமது நித்திய தொண்டுக்குப் புறப்பட்டவர் தம்பியையும் கூட்டிச் சென்றார். நாவுக்கரசருக்குச் சூலை தீர்ந்தது. இந்நோயைத் தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை. டொனெபெசில், ரிவாஸ்டிக்மின் போன்றவை சிலருக்குத் தணிவு தரும். ஆயினும் அம்மையாரின் வழி எமக்கும் பொருந்தும்.

பிள்ளைகள் நிற்கிறார்கள் என்றால் பொய் என்று வாதாட வேண்டாம், ஆமென்றும் சொல்ல வேண்டாம். "எனக்குத் தெரியேல்லை அக்கா, நான் பக்கத்தில இருக்கிறன்" என்றால் போதும். மங்கலான வெளிச்சத்தில் கொடியில் தொங்கும் சாரம் ஆளாகத் தெரியும். நல்ல வெளிச்சம் வையுங்கள். படுக்கையால் எழுந்ததும் இரத்த அழுத்தம் இறங்கி விழுந்துவிடுவார்கள், சற்று இருத்தியே எழுப்ப வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது: குழப்பத்தை அடக்கக் கொடுக்கும் ஹலோபெரிடோல் போன்ற மருந்துகள் இவர்களுக்கு உடம்பை விறைக்கச் செய்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே நோயின் பெயரைக் கிளினிக் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதிவைத்து, எந்த வைத்தியரிடம் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள்.

தவிலும் ஒலிபெருக்கியும் சனமும் நிறைந்த திருவிழா நேரம் இவர்களுக்கு ஒத்துவராது. காலைச் சந்திப் பூசைக்குக் கூட்டி வாருங்கள். வசந்த மண்டபத்தருகே கதிரை போட்டுத் தருவோம். பிரசாதம் கை நடுங்கிச் சிந்தினால் ஒருவரும் முகம் சுளிக்க வேண்டாம்.

எழுதுவது நானாயினும் இரவில் நித்திரை முழிப்பவர் என் மனைவி. அவர் தேர் பார்த்து மூன்று வருடமாகிறது. இப்படி வேறு வீடுகளும் ஊரில் உண்டு. அன்னதானத்துக்கு மரக்கறி வெட்ட முன்வருவது போல, தேரன்றும் தீர்த்தத்தன்றும் இரண்டு மணித்தியாலம் அந்த வீடுகளில் போய் இருக்கவும் சிலர் வேண்டும். விரும்புவோர் கொடியேற்றத்துக்கு முன் என்னிடம் பெயர் தரலாம். மாலைப் பூசையின் பின் ஆலய அலுவலகத்தில் இருப்பேன்.