சோளப்பாணும் மரபின் உரிமையும்

உணவிலே ‘சரியானது’ என ஒன்று உண்டா? உண்டெனின், அதனைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்குரியது? அற்பமாகத் தோன்றும் இவ்வினாவை, ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களில் நெடுங்காலமாக நடந்துவரும் ஒரு வழக்கை முன்வைத்து ஆராய்வோம்.

அவ்வழக்குச் சோளப்பாண் பற்றியது. வெள்ளைச் சோளமா, மோர், முட்டை, அப்பச்சோடா ஆகியவற்றைக் கலந்து, பன்றிக் கொழுப்புக் காய்ந்த வார்ப்பிரும்புச் சட்டியில் ஊற்றிப் போறணையில் வேகவைக்க வேண்டும். ஓரம் முறுக வேண்டும். சீனியும் கோதுமை மாவும் ஆகா. சீனியிட்டால் அது பாணன்று, கேக் என்பர் ஒரு சாரார். மஞ்சள் மாவும் சிறிது சீனியுமே தம் பாட்டியாரின் கைப்பக்குவம் என்பர் மறுசாரார். கறுப்பின மக்களின் இல்லங்கள் பலவற்றில் இனிப்புப் பாணே வழக்கம். அவர்களும் தென்னாட்டவரே.

பசித்தோர் பலர் வாழும் உலகில் சீனி பற்றிய சர்ச்சை எதற்கென நம்மிற் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும் சுவை வானத்திலிருந்து விழுவதன்று. நிலமும் உழைப்பும் அதிகாரமும் சேர்ந்து அதனை உருவாக்குகின்றன.

அம்மண்ணிற் சோளத்தைப் பயிரிட்டு வந்தோர் செரோக்கி, சொக்டோ, கிறீக் முதலிய பூர்வீகக் குடிகள். 1830ஆம் ஆண்டின் வெளியேற்றச் சட்டத்தைத் தொடர்ந்து அவர்கள் நிலத்தைவிட்டுத் துரத்தப்பட்டனர். சோளம் மட்டும் தங்கிற்று. அதுவே அடிமைகளின் படியுமாயிற்று. மேரிலாந்திலே அடிமையாய்ப் பிறந்த பிரடரிக் டக்ளஸ், 1845இல் வெளியிட்ட தம் வரலாற்றில், வளர்ந்த அடிமை ஒருவருக்கு மாதமொன்றுக்கு எட்டு இறாத்தல் பன்றியிறைச்சியும் ஒரு புசல் சோளமாவும் அளக்கப்பட்டதைப் பதிவுசெய்துள்ளார். இன்று மரபின் அடையாளமாகப் போற்றப்படும் மாவும் கொழுப்பும் அன்று அளந்துவிடப்பட்ட படிகளே. அதே காலத்தில் லூசியானாவின் கரும்புத் தோட்டங்களிற் சீனியை விளைவித்தோரும் அடிமைகளே. அவர்தம் பேரப்பிள்ளைகளை நோக்கி, ‘உங்கள் பாணிற் சீனி ஆகாது’ என்று தீர்ப்புக்கூற எவருக்கு உரிமையுண்டு?

இன்னுமொரு செய்தியும் மனங்கொள்ளத்தக்கது. பூர்வீகக் குடிகள் சோளத்தைச் சாம்பலிலோ சுண்ணாம்பிலோ அவித்துண்டனர். அதனால் அதிலடங்கிய நியாசின் உடலுக்குக் கிடைத்தது. பின்வந்தோரின் சோளமாவில் அப்பக்குவம் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பருத்தியாலைத் தொழிலாளரும் வாரத்துக்கு உழுதோரும் சோளமா, கொழுப்பு, வெல்லப்பாகு ஆகியவற்றையே பெரிதும் நம்பி வாழ்ந்தபோது, பெலாக்ரா என்னும் நோய் அவர்களைப் பல்லாயிரக்கணக்கிற் பீடித்தது. 1914இல் ஆய்வை மேற்கொண்ட வைத்தியர் ஜோசப் கோல்ட்பேர்கர், அது தொற்றுநோயன்று, உணவுக் குறைவின் விளைவே எனக் காட்டினார். தென் கரோலினாவின் ஆலைக் கிராமங்களில் அவரும் பொருளியலாளர் சிடன்ஸ்ரிக்கரும் நடத்திய ஆய்வு, வருமானம் குறையக் குறைய நோய் பெருகுவதைத் தெளிவாக்கிற்று. இறைச்சியும் பாலும் வாங்க வழியுள்ளோருக்குச் சோளப்பாண் சுவை. வழியற்றோருக்கு அதுவே பிணி. தோல் வெள்ளையாயிருந்தமை ஆலைத் தொழிலாளரைக் காக்கவில்லை.

அவ்வாறாயின் ‘சரியான முறை’ என்பதே பொய்யா? அன்று. சட்டி நன்கு காயாவிடின் ஓரம் முறுகாது என ஒரு தாய் மகளுக்குச் சொல்வது அறிவு. அதற்குக் காரணம் காட்டலாம், சோதித்தும் பார்க்கலாம். சீனியில்லாப் பாணிற் சோளத்தின் மணம் தனித்துத் தெரியும் என்பதும் நேர்மையான இரசனையே. அதைச் சொல்வோரெல்லாம் இனவெறியர் என்பது அநீதியாகும். ஆனால் ‘இப்பாணை உண்பவன் எம்மவனல்லன்’ என்னுமிடத்துப் பேச்சு பாணைப்பற்றியதாக இராது, மனிதரைப்பற்றியதாகிவிடுகின்றது. பக்குவத்தைக் காப்பது வேறு. பந்தியிலிருந்து ஆளை எழுப்புவது வேறு.

மரபைப் பேணவேண்டும் என்போருடன் நமக்குப் பிணக்கில்லை. அதனை ஆக்கியோர் யாவர் என்பதையும் சேர்த்துப் பேணுங்கள் என்பதே நாம் வேண்டுவது. துரத்தப்பட்டவனின் சோளமும், அடிமைப்பட்டவளின் கைத்திறனும், ஆலைத் தொழிலாளியின் பிணியும் நினைவில் இல்லாத ‘தூய மரபு’ பாதி வரலாறேயாகும். நமது வகுப்பறைகளிலும் மரபு என்ற சொல் ஒலிக்கும்போதெல்லாம், இதனை ஆக்கிய கைகள் யாருடையவை என்ற வினாவையும் எழுப்புவோம். அதற்கு விடை கூறவியலாத மரபுக்குப் பிறரைத் தீர்ப்பிடும் தகுதி இல்லை.