நோய் என்னும் பரீஷஹம்



துறவியர் வென்று கடக்க வேண்டிய பரீஷஹங்கள் 22 என நம் ஆசாரியர்கள் வகுத்துள்ளனர். பசி, தாகம், குளிர், வெப்பம் எனத் தொடங்கும் அவ்வரிசையில் பதினாறாவதாக நிற்பது நோய். வேதனீய வினையின் பயனாக வரும் இவ்விடர் இல்லறத்தாரையும் விடுவதில்லை. அதனைப் பொறுத்தல் என்பது யாது? வெளியே சொல்லாது மறைத்து வாழ்தலா? வேற்று நாட்டில், வேற்றுச் சமயத்தில் பிறந்த ஒரு பெண்மணியின் வாழ்க்கையைக் கொண்டு இதனைச் சிந்திப்போம்.

கெயில் டெவர்ஸ் அமெரிக்க ஓட்ட வீராங்கனை. கிறித்துவப் போதகர் ஒருவரின் மகள். 1988 சியோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தடை ஓட்டத்தின் அரையிறுதியிலேயே தோற்றார். தலைவலியும் மயக்கமும் வாட்டின, முடி உதிர்ந்தது, உடல் மெலிந்தது. 1990ஆம் ஆண்டில்தான் அது கிரேவ்ஸ் நோய் எனக் கண்டறியப்பட்டது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே நெறி பிறழ்ந்து தைராய்டு சுரப்பியைத் தூண்ட, அது அளவிறந்து சுரந்து உடலை உருக்கும் நோய் அது. 1991இல் கதிரியக்கச் சிகிச்சையின்போது பாதங்கள் வீங்கிக் குருதி கசிந்தன. கால்களை நீக்க நேருமோ என்னும் நிலை. நடக்க இயலாத மகளைப் பெற்றோர் தூக்கிச் சென்றனர்.

சிகிச்சை மாற்றப்பட்டது. மெல்ல நடந்தார், பின்னர் ஓடினார். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தை 10.82 விநாடியில் கடந்து தங்கம் வென்றார். முதல் ஐவருக்கும் இடையே இருந்த வேறுபாடு 0.06 விநாடியே! சில நாட்களில் தடை ஓட்ட இறுதிப்போட்டி. முன்னணியில் ஓடியவர் பத்தாவதான கடைசித் தடையில் கால் இடறி, விழுந்தவாறே எல்லையைக் கடந்து ஐந்தாம் இடம் பெற்றார். அதனாலும் அவர் ஓட்டத்தை விட்டுவிடவில்லை. 1996 அட்லாண்டாவில் 100 மீட்டரில் மீண்டும் தங்கம். 2004 ஏதென்ஸ் அவருடைய ஐந்தாவது ஒலிம்பிக்.

இறைநம்பிக்கையே தம்மைத் தாங்கியது என்பது அவர் கூற்று. வினையைத் தருவாரும் தீர்ப்பாரும் பிறர் இலர் என்பது நம் கொள்கை. நெறி வேறாயினும், நம்பிக்கை அவரைச் சோம்பியிருக்கச் செய்யவில்லை என்பதைக் காண்க. வேண்டுதலும் செய்தார், மருந்தும் உண்டார், பயிற்சியும் செய்தார்.

இங்கு நம் பிழையொன்றைச் சொல்லியாக வேண்டும். ஆசிரியப் பயிற்சி வகுப்பில் ஒரு மாணவி அடிக்கடி தலை சாய்ந்து அமர்ந்திருப்பாள். சோம்பல் எனக் கருதிப் பலர் முன்னிலையில் கடிந்தோம். அவளுக்குத் தைராய்டு நோய் என்பதும், மணம் தடைப்படும் என அஞ்சி வீட்டார் அதனை மறைத்து மருத்துவமும் செய்யாதிருந்தனர் என்பதும் பின்னரே தெரிந்தன. அவள் தலைகுனிந்து நின்ற தோற்றம் இன்றும் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. மறைத்தவர் செய்தது மட்டுமா தவறு? கேளாமலே கடிந்த நாமும் அவளுக்கு ஹிம்சை செய்தவரே.

சமந்தபத்திர ஆசாரியரின் வரலாற்றை அறிவீர்கள். உண்டதையெல்லாம் எரிக்கும் பஸ்மக நோயால் வருந்திய அவர், சல்லேகனை ஏற்க விடை வேண்டினார். குருவோ இசையவில்லை. துறவுக்கோலத்தை விடுத்து நோயைத் தீர்த்துக்கொண்டு, மீண்டும் தீட்சை ஏற்குமாறு பணித்தார் என மரபு கூறும். மருந்து உண்ணல் அறத்திற்கு மாறன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

வந்த நோய் பழவினை. அதற்கு அஞ்சி ஒடுங்குவதும், அமைதியோடு எதிர்நிற்பதும் இன்றைய நம் செயல். புதுவினை கட்டுவதும் தடுப்பதும் அதனாலேயே. நம் இல்லத்துப் பெண்மக்கள் சோர்ந்திருந்தால் அருகமர்ந்து கேளுங்கள். மறைக்காதீர்கள், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதுவும் அறமே.

அறம் வளர்க!